முக்கால் குடம் சுண்ணாம்புத் தண்ணீர்

ஸ்ரீதர், நீ அனுப்பிய ஆள் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுகிறவராம். "உங்க சன் அமெரிக்காலேர்ந்து போன் பண்ணினாரும்மா, ஒரு தடவை பாத்துட்டு வரச் சொன்னாரு" என்று மரியாதையாகத்தான் பேசினார். செருப்பை வாசலிலேயே கழற்றினார். டேப்பை எடுத்து வாசல் கேட்டிலிருந்து கொல்லைக் கிணறு வரை அளந்து டைரியில் குறித்துக்கொண்டார். நான் காபி கலந்து கொடுத்தேன். வந்தவருக்குக் காபி கொடுப்பது வேறு, வீட்டைக் கொடுப்பது வேறு. ஹாலுக்கு வந்ததும் மீன் தொட்டி முன்னால் நின்றுவிட்டார். கோமாளி மீன் இரண்டும் கடல் சாமந்திக்குள்ளிருந்து தலையை நீட்டி அவரைப் பார்த்தன. ஒரு நிமிஷம் குனிந்து, வாயைத் திறந்துகொண்டு பார்த்தவர், வந்த வேலை ஞாபகம் வந்து, "இதெல்லாம் எடுத்துடுவீங்க இல்ல? எப்ப காலி பண்றீங்க?" என்று கேட்டார். "காபி ஆறிடும், குடிங்கோ" என்றேன். குடித்தார். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, அளவு எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொன்னேன். பாவம், கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பின்பக்கத்தில்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதற்கு நான் பதில் சொல்லவில்லை. "லைன்ல இருக்கியாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாய். இருந்தேன். கோபமாக இருக்கும்போது எதையும் செய்வதில்லை என்று இந்த வருஷம் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. நீ சொன்னது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. வீட்டை ஃப்ளாட் போடக் கொடுத்துவிடலாம். மார்ச்சுக்குள் நான் அங்கே வந்துவிட வேண்டும். பேப்பரெல்லாம் தயார். தொட்டியை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும். நான் ஏன் என்று கேட்பதற்கு முன்பே காரணத்தையும் சொல்லிவிட்டாய். "பத்மா அத்தை எல்லாம் சொன்னா. தொட்டியில எதையோ மாத்திக் கொட்டிட்டியாமே. இன்னிக்கு மீன் தொட்டி. நாளைக்கு கேஸ் அடுப்புன்னா அங்க யார் இருக்கா?" அறுபத்திரண்டு வயசு, தனியாள், ஞாபக மறதி. மூன்றையும் கூட்டி விடை போட்டுவிட்டாய். உன் அத்தை சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு எனக்கு டாக்டர் சர்டிபிகேட் எழுதியிருக்கிறாய். மீதிப் பாதியை நான் சொல்கிறேன். இந்தக் கடிதத்தை உடனே ஒட்டப் போவதும் இல்லை. நம் தெருவில் பாதி வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு போன் வருகிறது. அந்த அம்மா அப்பாக்கள் எல்லாம் படித்த பிறகு உனக்குத் தபாலில் வரும்.

தொட்டி எப்படி வந்தது என்று நீ என்னைக் கேட்டதே இல்லை. அப்பா போன மறு வருஷம், ஆளாளுக்கு எனக்கு வழி சொன்னார்கள். காசிக்குப் போங்கோ என்றார்கள். உபன்யாசத்துக்கு வாங்கோ என்றார்கள். ஸ்லோக வகுப்பில் பெயரே கொடுத்துவிட்டாள் ஒருத்தி. அப்போதுதான் என்னிடம் கெமிஸ்ட்ரி படித்த பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கடல் ஆராய்ச்சி செய்கிறவள். மண்டபம் என்கிற கடலோர ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாளியில் கல் கொண்டுவந்திருந்தாள். வெறும் கல் என்றுதான் நினைத்தேன். பத்து நிமிஷம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், கல்லில் ஓட்டை ஓட்டையாகத் திறந்து, விரல் விரலாக ஏதோ வெளியே வந்தது. பவளம். உயிரோடு இருக்கும் பவளம். "இதை மெட்ராஸ்ல வீட்டுல வளர்க்க முடியாது டீச்சர், வெயில் தாங்காது" என்றாள். முடியாது என்று மட்டும் அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அந்த நாலடித் தொட்டியை வாங்கியிருக்கவே மாட்டேன். ஊருக்குச் சென்னை என்று பேர் மாற்றிவிட்டார்கள், வெயில் மாறவில்லை. தொட்டிக்கு மேலே டேபிள் ஃபேன் கட்டித் தொங்கவிட்டு மூன்று கோடையைத் தாண்டிவிட்டேன். கடல் சாமந்தி என்று புத்தகத்தில் போட்டிருக்கும் அந்தப் பிராணிக்கு வாரம் இரண்டு தடவை இறால் வேண்டும். நொச்சிக்குப்பத்துக்குப் போய் நானே வாங்கி வருகிறேன். மயிலாப்பூர் மாமி பையில் இறால். பத்மா ஒரு மாதம் நம் ஆத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அப்புறம் தாகம் எடுத்திருக்கும் போல, குடித்தாள்.

சுண்ணாம்புக் கதைக்கு வருகிறேன். பவளம் வளர்வதற்கு அது தன்னைச் சுற்றிக் கூடு கட்ட வேண்டும், கூடு கட்டச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்கென்று வெளிநாட்டில் மருந்து விற்கிறார்களாம். எனக்கு எதற்கு அது? கிளிஞ்சல் சுண்ணாம்பு குளத்தங்கரைக் கடையில் கிடைக்கிறது. ஒரு குடம் தண்ணீரில் கரைத்து வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நிற்கும். அந்தத் தெளிவை எடுத்து, விடியற்காலையில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட வேண்டும். சொட்டு விடுவதற்கு நான் வைத்திருப்பது க்ளுகோஸ் பாட்டிலும் டியூபும். அதைத் தொங்கவிட்டிருப்பது அப்பாவுக்குக் கடைசி மாதத்தில் வீட்டிலேயே க்ளுகோஸ் ஏற்றினோமே, அந்த இரும்பு ஸ்டாண்ட். "அபசகுனம் மன்னி, தூக்கிப் போடுங்கோ" என்றாள் பத்மா. அவருக்குச் சொட்டியது போதவில்லை, இதுவாவது பிழைக்கட்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். வெயிலில் தொட்டித் தண்ணீர் தினமும் வற்றும், அந்த மட்டத்தை நிரப்பக் காய்ச்சி ஆறவைத்த வெறும் தண்ணீர் இன்னொரு குடத்தில் இருக்கும். இரண்டும் லாரித் தண்ணீர் பிடிக்க வாங்கிய பச்சை பிளாஸ்டிக் குடங்கள். ஒரே அளவு, ஒரே நிறம். தொட்டிக்கு இடது பக்கம் சுண்ணாம்பு, வலது பக்கம் தண்ணீர். எனக்குத் தெரியும், போதாதா? முப்பது வருஷம் லேபில், பேர் ஒட்டாத பாட்டிலைக் கையில் எடுத்த பெண்ணை வெளியே நிற்க வைத்தவள் நான். வீட்டில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டவில்லை.

போன மே மாசம் நம் புவனாவும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். கல்யாணமாகி மூன்று வாரம். பத்மா முதல் நாளே தி.நகரிலிருந்து வந்து தன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எல்லாம் தயார் செய்தாள். காலையில் ஹாலில் மாக்கோலம் போட்டாள். அதற்கு இடம் வேண்டும் என்று குடங்களை நகர்த்தி, கோலம் காய்ந்ததும் திரும்ப வைத்தாள். நான் அப்போது சமையலறையில் இருந்தேன். ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டதும் பத்மா உள்ளே வந்தாள். கையில் ஆரத்தித் தட்டு. குரலைத் தாழ்த்தி, "மன்னி, நீங்க கொஞ்சம் உள்ளயே இருங்கோ. ஆரத்தி எடுத்து முடிச்சப்புறம் வாங்கோ" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னாள். ஆனால் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு, நான் வளர்த்த புவனா, நான் சமைத்த விருந்து. அப்பா இல்லை என்பதற்காக ரசம் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். நின்றது நான்தான், அதற்கும் என்னைத்தான் சொல்ல வேண்டும்.

அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் தொட்டியிலிருந்து களக் களக் என்று சத்தம். தண்ணீர் மட்டம் இறங்கினால் பம்ப் அப்படித்தான் காற்றை உறிஞ்சும். மாப்பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தார். "மன்னி, அந்தச் சத்தத்தை நிறுத்துங்கோளேன்" என்றாள் பத்மா. எனக்குள்ளே இருந்தது எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் பொங்கிவிட்டது. விடுவிடென்று போனேன். வலது பக்கத்துக் குடத்தைத் தூக்கினேன். டம்ளர் டம்ளராக விட வேண்டியதை, குடத்தோடு சாய்த்தேன். ஸ்ரீதர், என் கை நடுங்கவில்லை. எனக்கு எதுவும் மறக்கவில்லை. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் பார்க்க வெறும் தண்ணீர் மாதிரியேதான் இருக்கும், வாசனையும் கிடையாது. முக்கால் குடம் போன பிறகு தொட்டிக்குள்ளே பால் திரிந்த மாதிரி வெள்ளையாகச் சுருள் சுருளாக வந்தது. அப்புறம் எதுவுமே தெரியவில்லை. மீன் தெரியவில்லை, கல் தெரியவில்லை. நாலடிக்கு வெள்ளைச் சுவர்.

அடுத்து நான் செய்ததுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்கு எழுதக் கஷ்டமானது. நான் தொட்டியைப் பார்க்கவில்லை. பத்மாவைப் பார்த்தேன். "யார் குடத்தை மாத்தி வெச்சது? என் சாமானைத் தொடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது!" என்று கத்தினேன். புது மாப்பிள்ளை எதிரில், அவள் பெண் எதிரில். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. பத்மா முகம் சுருங்கிப் போயிற்று. அவள் அழுவாள், இல்லை பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து வந்து பட்டுப்புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, "நான்தான் மன்னி மாத்திட்டேன். இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்கோ" என்றாள். உன் அத்தையை எனக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன பண்ண வேண்டும்? முதலில் மீன்களைப் பிடிக்க வேண்டும். மிச்சமிருந்த ஒரு கேன் கடல் தண்ணீரை வாளியில் ஊற்றி, வலையை விட்டுத் துழாவித் துழாவிக் கோமாளி இரண்டையும் பிடித்துப் போட்டேன். கூட இருந்த நீலக் குட்டி மீனுக்குக் கையில் வரும்போதே உயிர் இல்லை. பவளத்தையும் சாமந்தியையும் பிடுங்க முடியாது, அவை கல்லோடு ஒட்டியவை, அங்கேயே காப்பாற்ற வேண்டும். பழைய லேப் பெட்டியிலிருந்து காரம் அமிலம் பார்க்கும் காகிதத்தை எடுத்து நனைத்தேன். நீலப்பச்சையாக வர வேண்டியது கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. காரம் அந்த அளவுக்கு ஏறியிருந்தது. அதை இறக்க ஏதாவது புளிப்பு வேண்டும். மாப்பிள்ளை நல்லவர், "மாமி, எலுமிச்சம்பழம் பிழியலாமா?" என்று கேட்டார். புவனா புளியை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். கடலில் ரசம் வைக்கப் போகிறோமா என்று எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் தலை தெளிந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் குழாயை விட்டு ஊதினால் பால் மாதிரி ஆகும் என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு வருஷா வருஷம் செய்து காட்டியிருக்கிறேன். மூச்சுக் காற்றில் இருக்கிற வாயு சுண்ணாம்பைப் பிடித்து வெறும் சாக்பீஸ் பொடியாக ஆக்கிவிடும். அந்த வாயுவை ஊதி ஊதிக் கொடுக்க நாலு பேர் மூச்சு போதாது. ஆனால் அதைத் தண்ணீரில் அடைத்து, கோலி போட்டு மூடி, நம் தெருக்கோடியில் ரஹீம் பாய் விற்கிறார்.

"சோடா!" என்றேன். யாருக்கும் புரியவில்லை. ஓடினேன். ஆமாம், ஓடினேன், முழங்கால் வலி என்று உன்னிடம் புலம்புகிற அதே கால்களோடு. "பாய், ரெண்டு கிரேட் சோடா. கலர் வேண்டாம், ஐஸ்ல வெச்சது வேண்டாம்." ரஹீம் பாய் நிதானமாகப் பார்த்தார். "என்னா டீச்சரம்மா, விருந்து பலமா?" என்றார். "எனக்கில்ல பாய், மீன் தொட்டிக்கு." "மீனுக்கு செரிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளுவண்டியில் கிரேட்டுகளை ஏற்றி அவரே தள்ளிக்கொண்டு வந்தார். ஹாலில் கால் வைத்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "யா அல்லா, என்னம்மா இது" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.

அவசரப்படாமல் இருப்பதுதான் இதில் கஷ்டம். காரம் சடாரென்று ஏறியது ஒரு அடி, சடாரென்று இறங்கினால் அது இரண்டாவது அடி. பாய் மரக்குச்சியால் கோலியை அழுத்திப் பாட்டிலை உடைத்துக் கொடுப்பார், நான் பம்ப் வாய்க்கு நேரே மெல்ல ஊற்றுவேன், இரண்டு நிமிஷம் பொறுத்துக் காகிதத்தை நனைத்துப் பார்ப்பேன். அப்புறம் அடுத்த பாட்டில். கொஞ்ச நேரத்தில் பாயைக் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் போனதும் பத்மா அந்த மரக்குச்சியை எடுத்துக்கொண்டாள். முதல் பாட்டில் அவள் முகத்திலேயே பீறிட்டது. பட்டுப்புடவை நனைந்தது. இரண்டாவதில் பழகிவிட்டாள். கோலி உள்ளே போகும் 'டப்' சத்தத்துக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொள்வாள், ஆனால் கை நிற்கவில்லை. விருந்துச் சாப்பாடு மூடி வைத்தபடியே இருந்தது. காகிதம் கத்தரிக்காயிலிருந்து நீலத்துக்கு வந்து, நீலத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சைப் பக்கம் திரும்பியபோது, நாங்கள் ஒன்றரைக் கிரேட் தீர்த்திருந்தோம்.

தண்ணீரைப் பாதிக்கு மேல் மாற்றியாக வேண்டும். மாப்பிள்ளையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காலி கேன்களோடு நொச்சிக்குப்பம் போனேன். மத்தியானம் இரண்டு மணி, மணல் அடுப்பு மாதிரி இருந்தது. எனக்கு வழக்கமாகக் கடல் தண்ணீர் கொண்டுவரும் எல்லப்பன் வலையை உதறிக்கொண்டிருந்தான். "இன்னாம்மா, மட்ட மத்தியானத்துல வந்து நிக்கிற? ஊட்ல எதுனா ஆயிப்போச்சா?" என்று எழுந்து வந்தான். சொன்னேன். "கரையாண்டயே மொண்டுக்கயேன், அதுவும் கடலுதான?" "கரைத் தண்ணி சாக்கடை கலந்தது எல்லப்பா, அலைக்கு அந்தாண்ட போகணும்." அவன் கடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சரிகை வேட்டியைப் பார்த்தான். "யாரு, மாப்ளயா? கேனைப் புடிச்சுக்க ஆளு வேணும். ஏறு சார்" என்றான். பாங்க் ஆபீசர், கல்யாணப் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டுமரத்தில் தண்ணீர் கேன்களைக் கட்டிப்பிடித்தபடி அலையைத் தாண்டிப் போனதை நீ பார்த்திருக்க வேண்டும். திரும்பி வந்ததும், "மாமி, நான் மெட்ராஸ்லயே பொறந்தவன், கடலுக்குள்ள போனதில்ல" என்றார். முழங்கால் வரை நனைந்து, சந்தோஷமாக இருந்தார். எல்லப்பன், "விருந்து சோறு எனக்கும் ஒரு இலை கீதா?" என்று கேட்டான். இருந்தது. ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

முழுசாகக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை அடிக்க மாட்டேன். நீல மீன் போயிற்று. ஒரு கல்லில் இருந்த பவளம் முழுக்க வெளுத்து உதிர்ந்துவிட்டது. சாமந்தி சுருங்கி ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஆகி, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நான் தூக்கிப் போடவில்லை. தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன், தினமும் காகிதம் நனைத்தேன். பத்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் பிடித்து வந்தாள். நான் கத்தியதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதினோராவது நாள் காலை நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஹாலிலிருந்து கூப்பிட்டாள். "மன்னி, ஓடி வாங்கோ, பூத்துடுத்து!" போய்ப் பார்த்தால் சாமந்தி உள்ளங்கை அளவு விரிந்திருந்தது. பத்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பிராணியின் பக்கம் திரும்பாமல் மூன்று வருஷம் நடந்து போனவள்.

தப்பு செய்தது நான், சரி செய்ததும் நான். முதலாவதை வைத்து என்னை எடை போடுகிற நீ, இரண்டாவதையும் தட்டில் வைக்க வேண்டும். இன்னொன்றும் சொல்கிறேன். அளவு தெரியாமல் நான் கொட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்காதே. உனக்குப் பதினாறு வயசில் கொட்டினேன். காலை ஐந்து மணிக்குத் தி.நகரில் கணக்கு, சாயங்காலம் அடையாறில் பிசிக்ஸ், இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடம், ராத்திரி என்னிடம் கெமிஸ்ட்ரி. கிரிக்கெட் மட்டையை எடுத்துப் பரணில் போட்டேன். உன் நல்லதுக்குத்தான் என்று நம்பினேன். நீ எதிர்த்துப் பேசவில்லை, பேசுவதையே நிறுத்திவிட்டாய். ஒரு மாதம் இந்த வீட்டில் உன் குரல் கேட்கவில்லை. அப்பாதான் மூன்று டியூஷனில் இரண்டை நிறுத்தினார். தினமும் சாயங்காலம் உன்னைப் பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போவார், எதுவும் கேட்க மாட்டார், சுண்டல் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார். பல நாள் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் நீ எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

கேட்டுவிட்டதால் இதைச் சொல்லும் உரிமையும் எனக்கு வந்துவிட்டது. இப்போது கொட்டுவது நீ. ஒரே போனில் வீடு, விசா, டிக்கெட், தொட்டி, என் ஊர், என் தெரு, எல்லாவற்றையும் சாய்த்துவிட்டாய். பிரியத்தில்தான் செய்கிறாய், தெரியும். நானும் பிரியத்தில்தான் உன் மட்டையைப் பரணில் போட்டேன். எனக்கு வயசாகவில்லை என்று நான் சொல்லவில்லை. வலது கண்ணில் புரை வளர்கிறது, தை மாசத்தில் ஆபரேஷன், பத்மா கூட இருப்பாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேஸை மூடினேனா என்று இரண்டு தடவை பார்க்கிறேன், பார்ப்பது நல்லதுதானே? ஒரு நாள் நிஜமாகவே முடியாமல் போகும். அந்த நாளை நானே உனக்குச் சொல்வேன், நீ எனக்குச் சொல்லக் கூடாது. அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். என்னைப் பற்றிக் கவலையாக இருந்தால் ஆளை அனுப்பாதே, நீ வா. மூன்று வாரம் லீவ் போட்டு வா. காலையில் என்னோடு நொச்சிக்குப்பம் வந்து கேன் தூக்கு. தொட்டிக்கு முன்னால் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு உட்கார். அப்புறமும் நான் கிளம்ப வேண்டும் என்று தோன்றினால் என் முகத்தைப் பார்த்துச் சொல்.

அந்த டேப்புக்காரர் போன மறுநாள் பத்மா வந்தாள். அந்தக் காகிதத்தைக் காட்டினேன். "ஐயோ மன்னி, சிரிக்கறதுக்குன்னா சொன்னேன், அவன் இப்படி எடுத்துப்பான்னு நெனக்கவே இல்லையே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் ஐந்து மாசமாகத் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன். "பத்மா, குடத்தை நீ மாத்தினது தப்பே இல்ல. அது மேல எழுதாதது என் தப்பு. உன்னை எல்லார் எதிரிலயும் கத்தினது அதைவிடத் தப்பு." அவள், "உங்களை உள்ள நிக்கச் சொன்னேனே மன்னி, அதுக்கு நான் யார்கிட்ட சொல்லிக்கறது" என்றாள். இரண்டு பேரும் காபி குடித்தோம். பிறகு கடைக்குப் போய்ச் சின்ன டப்பா பெயிண்டும் பிரஷும் வாங்கி வந்தோம். ஒரு குடத்தில் சுண்ணாம்பு என்றும் இன்னொன்றில் தண்ணீர் என்றும் கொட்டை எழுத்தில் எழுதினேன். கண்ணில் புரை இருக்கிறவளுக்கும் தெரிகிற எழுத்து.

டப்பாவில் பெயிண்ட் மிச்சம் இருந்தது. வெளியே போய், காம்பவுண்டுச் சுவரில் தெருவைப் பார்த்து, 'இந்த வீடு விற்பனைக்கு இல்லை' என்று எழுதினேன். பத்மா டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். எழுதி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று படித்துப் பார்த்து, "ஸ்ரீதருக்குத் தெரிஞ்சா கோச்சுப்பான் மன்னி" என்றாள்.

"கோச்சுக்கவாவது வரட்டும்" என்றேன்.

அம்மா